நீர் எண் 402

ச்சாங் நகரில் ஜனவரி மாதம்
வடக்கே பாலைவனத்திலிருந்து கிளம்பும் புழுதி
கணினியின் விசிறிக்குள்ளும் வந்து குடியேறும்.
வாரம் ஒருமுறை ஒர்னெல்லா
பெயின்ட் பிரஷ்ஷால் அதைத் துடைக்கிறாள்,
பிள்ளையின் காதைத் துடைப்பதுபோல.

எங்களிடம் இருப்பவை:
பழைய பெட்டி ஒன்று,
கரண்ட் போனால் பதினோரு நிமிடம் தாங்கும் பேட்டரி,
அறுநூற்றுப் பன்னிரண்டு மூலக்கூறுகள்.
எல்லாம் கேமரூனின் இந்த மலைகளில் முளைத்த
பட்டை, வேர், பால்.
முப்பது வருடம் முன் யாரோ பிரித்தெடுத்து
ஓர் ஆய்வேட்டின் எண்பதாம் பக்கத்தில்
விட்டுப்போனவையும் உண்டு.

317 அப்படி வந்ததல்ல.
சந்தைக்குப் போகும் வழியில் ஒரு செடி.
சுற்றியிருந்த எல்லாவற்றையும் மேய்ந்த ஆடு
அதை மட்டும் முகர்ந்துவிட்டு நகர்ந்தது.
"முதல் தரவு" என்றான் ஃபோட்ஸோ.
சிரித்தோம்.
குறித்தும் வைத்தோம்.

நிற்கத் தெரியாமல் பிரியும் செல்லுக்குள்
"இன்னும், இன்னும்" என்று ஏவிக்கொண்டே இருக்கும்
ஒரு புரதம்.
அதன் இடுப்பில் ஒரு பள்ளம்.
அங்கே யாராவது போய் உட்கார்ந்துவிட்டால்
அதன் வாய் மூடும்.
பூட்டும் சாவியும் என்கின்றன பாடநூல்கள்.
எந்தப் பூட்டு இப்படி நெளிகிறது?

புரதத்தின் கோப்பைத் திறந்ததும் முதல் வேலை
அதிலுள்ள நீரையெல்லாம் அழிப்பது.
எல்லோரும் செய்வதுதான்.
ஒரே கட்டளை.
முந்நூற்று எழுபது நீர், ஒரு சத்தமும் இல்லை.

பிறகு 317ஐப் பள்ளத்தில் வைத்துப் பார்த்தோம்.
மைனஸ் பத்து புள்ளி மூன்று.
இந்தத் தொழிலில் குறைவதே உயர்வு.
ஃபோட்ஸோ எல்லோருக்கும் வறுத்த வாழைக்காய் வாங்கினான்.

அடுத்து அதை அசையவிட வேண்டும்.
நூறு நானோ நொடி:
ஒரு நொடியில் கோடியில் ஒரு பங்கு.
அதைப் பார்த்து முடிக்க எங்களுக்கு ஒன்பது நாள்,
நான்கு மின்வெட்டு, ஒரு சண்டை.
அறுபத்தோராவது நானோ நொடியில்
317 எழுந்து போய்விட்டது,
விருந்துக்கு வந்து
கை நனைக்காமல் போகிறவரைப்போல.

அந்தச் சனிக்கிழமை பஃபூசாமுக்கு ஷேர் டாக்சி.
முன்னால் இருவர், பின்னால் நால்வர்,
நடுவே, காசு கொடுக்காத ஒரு பொடியன்
யாருடைய முழங்கால் என்றில்லாமல் உட்கார்ந்திருந்தான்.
என் பக்கத்தில் ஒரு பெண்,
மடியில் ஆஸ்பத்திரி உறை, பெரியது, பழுப்பு நிறம்.
"என்ன வேலை?" என்றாள்.
"கணக்குப் போடுகிறேன்."
"யாருக்கு?"
நான் ஜன்னலைப் பார்த்தேன்.

சோதனைச் சாவடியில் பொடியன் இறங்கிக்கொண்டான்.
அடுத்த வளைவில்
பீன்ஸ் மூட்டை சரிந்தது,
உறை கீழே விழுந்தது,
அந்தப் பெண் என் தோளில் வந்து மோதினாள்.
அவன் இருந்தவரை
யாரும் அசையவே இல்லை.

ஓடும் வண்டியிலிருந்தே ஒர்னெல்லாவை அழைத்தேன்.
"நீர் எல்லாவற்றையும் அழித்தாய்தானே?"
"அழித்தேன். அப்புறம் சுற்றிலும் புதிதாய் ஊற்றினேனே."
"ஊற்றியது பள்ளத்தின் அடிவரை போகவில்லை.
அங்கே ஒன்று இருந்திருக்கும். அதை விட்டுவை."

இருந்தது. எண் 402.
புரதத்துக்கு ஒரு கை,
வரப்போகிறவருக்கு ஒரு கை.
அதை அழிக்காமல் மறுபடி தொடங்கினோம்.
மதிப்பெண் மைனஸ் எட்டு புள்ளி ஏழுக்கு இறங்கிவிட்டது.
வாழைக்காய் வாங்க யாரும் போகவில்லை.
அறுபத்தொன்று கடந்தது.
எழுபது. எண்பத்தைந்து.
317 உட்கார்ந்த இடத்திலேயே இருந்தது.

இது மருந்தல்ல.
கண்ணாடித் தட்டில் செல்கள் சொல்ல வேண்டும்,
எலி சொல்ல வேண்டும், ஈரல் சொல்ல வேண்டும்.
ஆடு சொன்னதே
கடைசிவரை சரியாகவும் இருக்கலாம்.

தொண்ணூற்றெட்டாவதில் கரண்ட் போனது.
பேட்டரி கத்தத் தொடங்கியது.
ஃபோட்ஸோ டீசல் கேனோடு ஓடினான்.
ஒர்னெல்லா திரையின் வெளிச்சத்தைக் குறைத்தாள்.
சேமித்த இடத்திலிருந்து மீண்டும் தொடங்கலாம்தான்,
எங்களுக்கும் தெரியும்.
ஆனாலும் அந்தப் பதினோரு நிமிடம்
தண்ணீர் குடிக்கக்கூட
ஒருவரும் எழவில்லை.